தோப்பைக் காடென்று எழுதாதீர்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்போது, கடற்கரைப் பக்கம் கை காட்டி, "பார்த்தீர்களா, எவ்வளவு காடு!" என்று பெருமைப்படுகிறவர்களோடு எனக்கு நெடுநாளாகச் சண்டை. அது காடல்ல ஐயா, சவுக்குத் தோப்பு. நாலைந்து வருஷத்தில் வெட்டுவதற்கென்றே நட்டது. எல்லாம் மரந்தானே என்கிறார்கள். மண் அப்படி நினைப்பதில்லை.

சவுக்கின்மேல் எனக்குக் கோபமில்லை. வெறும் மணலிலும் பிழைக்கிற மரம் அது. அதன் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. இந்த ஒன்றைச் சொல்லித்தான், சவுக்கு மண்ணை வளப்படுத்துகிறது என்று நம் வாயை அடைக்கிறார்கள். சரி, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் எந்தக் காற்றில் இருக்கின்றன? அவற்றை வேர் மண்ணிலிருந்துதான் எடுக்கவேண்டும். உதிர்ந்த சருகு மட்கித்தான் திருப்பித் தரவேண்டும். சவுக்குச் சருகோ ஊசி ஊசியாய் இருப்பது, மட்க நாளாகும். அதுவரை அதை யார் விட்டுவைக்கிறார்கள்? சருகை அடுப்புக்கு வாரிக்கொள்கிறார்கள். கழி சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போகிறது, மிலார் விறகாகிறது, கடைசியில் வேர்க்கட்டையையும் தோண்டி வண்டியேற்றுகிறார்கள். ஏழைப் பெண்ணின் அடுப்பை நான் குறை சொல்லவில்லை. இத்தனையும் போன பிறகு, மண்ணில் வளம் சேர்ந்தது என்று கணக்கெழுதுகிறவரைத்தான் சொல்லுகிறேன்.

காடு பார்க்கவேண்டுமென்றால் சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் போங்கள். ஓடையோரத்தில் சுரபுன்னை, உள்ளே தள்ளி வெண்கண்டல். வெண்கண்டல் இலை சேற்றில் விழுந்தால் சீக்கிரம் அழுகிவிடும். சுரபுன்னை இலையில் துவர்ப்பு அதிகம், மெதுவாகத்தான் கரையும். ஆகவே சேற்றுக்குத் தீனி ஒரேயடியாகக் கிடைத்துத் தீர்ந்துபோவதில்லை. நண்டு இலையைக் கவ்வி வளைக்குள் இழுத்துக்கொள்கிறது. மக்கிய துகளை இறால் குஞ்சு தின்கிறது. தில்லை மரமும் அங்கேதான் நிற்கிறது. ஊருக்கே அதன் பெயரை வைத்திருக்கும் சிதம்பரத்துக்காரர்களில் எத்தனை பேர் அந்த மரத்தைக் கண்ணால் கண்டிருப்பார்களோ, தெரியவில்லை!

2004 சுனாமிக்குப் பிறகு கடலோரமெங்கும் சவுக்கை நட்டார்கள். பயத்தில், அவசரத்தில் நட்டது. அதைப் பழிக்க மனம் வரவில்லை. ஆனால் அடம்பும் ராவணன் மீசையும் படர்ந்து மணலைக் கட்டிப்பிடித்திருந்த மேடுகளில்கூடவா நட வேண்டும்?

1950-இல் முன்ஷி வனமகோத்ஸவத்தைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து நாம் கன்றுகளின் தலையை எண்ணிக்கொண்டிருக்கிறோம். எந்த மரம், எந்த வருஷம் வெட்டு, சருகு யாருக்கு என்று மூன்று பத்திகள் அந்தப் பதிவேட்டில் சேரட்டும். வெட்டும் வருஷம் குறித்திருக்கிற இடத்தைத் தோப்பு என்று எழுதட்டும். அதன்பிறகு நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.