கக்கூஸ் வேலைன்னா கேவலமா?

தலைப்பைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறதா? "ஆண்டு மலர்ல எழுத வேற சப்ஜெக்டே கிடைக்கலையா மச்சி?" என்று பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்டே விட்டான். காதல், நட்பு, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுத இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கமோட் சீட்டைக் கழட்டுவது பற்றி எழுதுகிறேன்.

மூட்டுவலிக்காரப் பாட்டி இருக்கிற வீடுகளில் இன்று வெஸ்டர்ன் டாய்லெட் வந்துவிட்டது. அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் சீட் ஒருநாள் ஆட ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் விரிசல் விடும். விரிசல் தொடையைக் கிள்ளும், அவ்வளவுதான். ஆடுகிற சீட்தான் ஆபத்து. பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது அது ஒரு பக்கமாய் நழுவினால்? அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் திரும்ப எழுந்து நடப்பது லேசா? அப்படியும் "பிளம்பர் வரட்டும்" என்று வாரக்கணக்கில் தள்ளிப் போடுவார்கள். அதே வீட்டில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிற பிள்ளை செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்! கேட்டால், "டிப்ளமோ படிச்சுட்டு கக்கூஸ்ல கை வைக்கறதா?"

அந்தக் கை படக்கூடாத இடத்தைத்தான் அம்மா தினமும் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார். அம்மா கை மட்டும் என்ன, வேற கையா?

இது வெறும் அருவருப்பு இல்லை நண்பர்களே, உள்ளே சாதி இருக்கிறது. "அதுக்குன்னு ஆளு இருக்காங்க" என்று எவ்வளவு சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம்! மனிதக் கழிவை மனிதனே அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-ல் இன்னொன்று, 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கிச் செத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்தோம். சீட்டைக் கழட்டுவதும் குழிக்குள் இறங்குவதும் ஒன்றல்ல, ஒப்பிடவே கூடாது. ஆனால் இரண்டையும் "நம்ம வேலை இல்ல" என்று ஒதுக்குகிற புத்தி ஒன்றுதான் என்பது என் கருத்து.

சரி, வேலைக்கு வருவோம். இது அசல் ஃபிட்டிங் ஷாப் வேலை. சீட்டின் பின்பக்கம் இரண்டு போல்ட், பீங்கானுக்கு அடியில் இரண்டு நட். மூடியைச் சாத்திவிட்டுத்தான் கை வைக்கணும், இல்லாவிட்டால் வாஷர் உள்ளே விழும். மேலே ஸ்க்ரூடிரைவரால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு கீழே நட்டைத் திருப்ப வேண்டும். இங்கேதான் நம்மாட்கள் கோட்டை விடுவார்கள். நட்டைக் கீழிருந்து பார்த்தால் இடப்பக்கமாய்ச் சுற்றிக் கழட்டணும். நாமோ மேலே குனிந்து நிற்கிறோம். மேலிருந்து பார்ப்பவனுக்கு அது கடிகாரம் சுற்றுகிற திசை! இது புரியாமல் முரட்டுத்தனமாய்த் திருப்பினால் நட் இன்னும் டைட் ஆகும், பீங்கானே கீறிவிடும்.

நட் அசையவில்லையா? காரணம் நம் கெமிஸ்ட்ரி புத்தகத்திலேயே இருக்கிறது. கழுவ ஊற்றுகிற ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டிலும் குளோரின் சமாசாரம்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே புள்ளி புள்ளியாய் அரிக்கும். (இரண்டையும் ஒன்றாக மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். உயிருக்கே ஆபத்து.) துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஹேக்ஸா பிளேடு. ஃபிரேம் அந்தச் சந்தில் நுழையாது. பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, பீங்கான் மேல் தகரத் துண்டோ கெட்டி அட்டையோ வைத்துவிட்டு அறுக்கலாம். பளபளப்புப் பூச்சில் கீறல் விழுந்தால் அழுக்கு அங்கேயே குடியேறிவிடும். சுத்தியல் எடுக்கவே வேண்டாம்.

புது மாடல்களில் சிலது மேலிருந்தே கழலும். அது பெரிய விஷயமில்லை.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒர்க் ஷாப்பில் தகட்டை ராவி ராவி 90 டிகிரி கொண்டு வருகிறோம். புது போல்ட்டில் புது நட் மாட்டுகிறோம். துருப்பிடித்த ஒன்றைக் கழட்ட யாராவது சொல்லித் தருகிறார்களா? நாளைக்கு மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனால் நம் கைக்கு வருவதெல்லாம் துருப்பிடித்ததுதானே! பிராக்டிகலில் இதற்கு ஒரு பிரிவேளையாவது ஒதுக்கலாம்.

புது சீட் வாங்கப் போகும்போது பழசையும் கையோடு கொண்டு போங்கள். கூச்சமாய் இருந்தால் இரண்டு ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து, பேசினின் நீள அகலத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது ரப்பர் வாஷர் கட்டாயம். கையால் டைட் செய்து, அதற்கு மேல் கால் சுற்று போதும். பாட்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து, இடதும் வலதுமாய்ச் சாய்ந்து பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை