நாணயத்தில் அரசர், நெருப்பில் மக்கள்

குண்டுவீச்சில் சிதைந்த லண்டன் தெருவில் மக்களுக்கு ஆறுதல் கூறும் ஆறாம் ஜார்ஜும் அரசி எலிசபெத்தும்: இரண்டாம் உலகப்போரின் நினைவாகச் சேகரிப்பாளர்களுக்கு விற்கப்படும் பிரிட்டிஷ் நாணயங்களுக்கு உகந்த காட்சி இது. இவை கடைத்தெருவில் புழங்குவதற்கல்ல. முகமதிப்பைக் காட்டிலும் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுபவை. அரண்மனையும் சேரியும் ஆபத்தைச் சமமாகப் பகிர்ந்துகொண்டன என்னும் கட்டுக்கதையும் அவற்றோடு சேர்ந்தே விற்பனையாகிறது.

1940 செப்டம்பர் 13 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை மீது குண்டுகள் விழுந்தது உண்மை. அரசரும் அரசியும் அப்போது அங்கிருந்ததும் உண்மை. ஆனால் காயமுற்றவர்கள் அங்கு பணியிலிருந்த தொழிலாளர்கள். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அரச குடும்பம் இரவுகளை விண்ட்சர் கோட்டையில் கழித்தது. செப்டம்பர் 7 முதல் குண்டுமழைக்கு இலக்கான கிழக்கு லண்டன் துறைமுகத் தொழிலாளிக்குக் கோட்டை ஏது? அரசு வழங்கிய ஆண்டர்சன் காப்பறையைப் புதைக்கத் தோட்டம் வேண்டும். நெரிசலான அவனது குடியிருப்பில் தோட்டம் ஏது? நிலத்துக்கடியில் ஆழமான காப்பிடங்கள் வேண்டுமென அறிவியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேனும் கம்யூனிஸ்டுகளும் போருக்கு முன்பே வலியுறுத்தினர். அரசு மறுத்தது.

அரண்மனை தாக்கப்பட்ட மறுநாள் இரவு, ஸ்டெப்னி பகுதியின் கம்யூனிஸ்ட் கவுன்சிலர் ஃபில் பிராட்டின் முதலானோர் தலைமையில் தொழிலாளர் குடும்பங்கள் சவாய் சொகுசு ஓட்டலின் காப்பிடத்துக்குள் நுழைந்தன. சுரங்க ரயில் நிலையங்களைக் காப்பிடமாக்க அரசு சம்மதிக்கவில்லை. மக்கள் பயணச்சீட்டு வாங்கி உள்ளே இறங்கினர், வெளியேற மறுத்தனர். அம்மாதத்திலேயே அரசு பணிந்தது. உயிர் காத்த அந்த இடம் அரச கருணையால் கிடைத்ததல்ல, போராடிப் பெற்றது.

அதே அரசரின் முகம், பேரரசர் என்ற பட்டத்தோடு, இந்திய ரூபாயிலும் இருந்தது. இந்திய மக்களின் இசைவைக் கேளாமலே 1939இல் இந்நாட்டைப் போரில் இழுத்துவிட்டார் வைஸ்ராய் லின்லித்கோ. 1940இல் ரூபாய் நாணயத்தின் வெள்ளி 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. போர்ச்செலவுக்காகக் காகிதப்பணம் குவிந்தது. அரிசி விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. 1943 வங்கப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் சுமார் 30 லட்சம் பேர் மடிந்தனர். பேரரசர் ஒருமுறைகூட இந்திய மண்ணில் கால் வைக்கவில்லை.

பாசிசம் வீழ்த்தப்பட வேண்டியதே. அதற்கு உயிரையும் உழைப்பையும் ஈந்தவர்கள் பல நாட்டு உழைக்கும் மக்கள். அந்த வெற்றியை முடியாட்சியின் கணக்கில் வரவு வைப்பது நினைவேந்தல் அல்ல, திருட்டு. அரசர் வந்து ஆறுதல் சொன்னார் என்போரிடம், மக்களுக்குக் காப்பிடம் தர மறுத்தது யாருடைய அரசாங்கம் என்று கேட்பதே அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை.