கட்டிலோரத் துணைக்கு ஒரு விதி

கூடங்குளத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால் பெற்றோர் முன் இரண்டு சாலைகள் இருக்கின்றன. ஒன்று ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரி தாண்டி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் நிற்கிறது. மற்றொன்று ஏறக்குறைய அதில் பாதித் தொலைவில், நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போகிறது. பக்கத்தில் இருப்பது அடுத்த மாவட்டம். 2020இல் மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் கட்டாயமாக இருந்த மாதங்களில், அந்தப் பாதித் தொலைவுக்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. எந்தச் சாலையில் போனாலும், குழந்தையை வார்டில் சேர்த்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்து காலையில் திரும்பிப் போகலாம் என்ற வசதி கடலோரத்துத் தாய்க்குக் கிடையாது. நகரத்தில் இது பார்வை நேரம் பற்றிய பேச்சாக இருக்கலாம். அக்கம்பக்கத்துக் கடலோர ஊர்களான இடிந்தகரைக்கும் கூத்தங்குழிக்கும் அப்படியல்ல: தாய் கட்டிலோரம் இருப்பாள், அல்லது பிள்ளை தனியே கிடக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் இதை முடிவு செய்ய நம்மிடம் எழுதப்பட்ட உறுதியான விதி எதுவும் இருக்கவில்லை.

நம் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டு என்றாலே தாயும் கூட இருப்பாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. மேலைநாடுகள் இதைப் பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டன. இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனித்திருந்ததை மனநலச் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் படமாக்கி, 1952இல் லண்டன் மருத்துவர்களிடம் திரையிட்டார். அழுகையை நிறுத்திய குழந்தை ‘பழகிவிட்டது’ என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அது பழக்கமல்ல, நம்பிக்கை இழந்த மௌனம் என்றது படம். 1959இல் பிரிட்டனின் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோருக்குத் தடையற்ற அனுமதியையும் தாய் உடன் தங்கும் வசதியையும் பரிந்துரைத்தது. நமக்கோ அது கொள்கையாக வரவில்லை, செவிலியர் பற்றாக்குறையின் வழியாக வந்தது. கஞ்சி ஊட்டவும், துணி மாற்றவும், குளுக்கோஸ் ஏறும் கையைப் பிடித்துக்கொள்ளவும் ஆளில்லாததால் தாயை இருத்திக்கொண்டோம். உரிமையாக எழுதி வைக்காத எதையும் ஒரு சுற்றறிக்கை அழித்துவிட முடியும். கொரோனா வார்டுகளில் உடனிருப்போருக்கு அனுமதியில்லை என்பது பொது வழக்கமானபோது, குழந்தைகளுக்கான விலக்கு ஆளுக்கு ஆள், வார்டுக்கு வார்டு மாறும் கருணையாகிப்போனது. கோவிட் மையங்களில் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கி அங்கே பெற்றோரை அனுமதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது 2021 ஜூனில். இரண்டாம் அலை அதற்குள் வடியத் தொடங்கியிருந்தது.

தாயை உள்ளே விட்டால் நோய் பரவாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, குழந்தைக்கு நோய் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். நடத்திய நான்காவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதத்தினரிடம் கொரோனா எதிர்ப்பணுக்கள் காணப்பட்டன. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடியவை, 2021 நவம்பர் வரை திறக்கவே இல்லை. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குத் தொற்று பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் வார்டு வாசலில் தடுக்கப்படும் தாய் பெரும்பாலும் ஏற்கெனவே அதே காற்றைச் சுவாசித்தவள். அவளைத் திருப்பி அனுப்பினால் நேரே பேருந்தில் ஏறி ஊருக்குத்தான் போவாள். உள்ளே இருத்தி, பரிசோதித்து, முகக்கவசம் கொடுத்து, ஆளை மாற்றாமல் வைத்துக்கொள்வதுதான் தொற்றைக் கட்டுப்படுத்தும் முறை. வந்து வந்து போகும் பார்வையாளரையும் கூடவே கிடக்கும் துணையையும் ஒரே சொல்லால் அழைத்ததுதான் பிழை.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. எடை குறைந்து பிறந்த 3,211 குழந்தைகளை வைத்து, டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பிறந்த உடனேயே தாயின் மார்போடு அணைத்து வைத்த குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகே தாயிடம் தந்த பிரிவில் 15.7 சதவீதம். தாயையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கட்டில் போட்டுப் படுக்கவைத்துத்தான் இந்த வேறுபாட்டை எட்டினார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு மதிப்பீடு, இந்த அணைப்பு முறை முழுமையாகக் கிடைத்தால் 1,25,000க்கும் மேற்பட்ட சிசுக்கள் பிழைக்கும் என்றது. தாயிடமிருந்து கொரோனா தொற்றி இறக்கக்கூடியவர்கள் 2,000க்கும் குறைவு. தாயைப் பிரிப்பது எச்சரிக்கை நடவடிக்கைபோலத் தோன்றுகிறது. இந்தக் கணக்கில் அதுதான் பெரிய ஆபத்து.

பிரித்தால் மக்கள் நோயை ஒளிப்பார்கள் என்பது இன்னொரு பாடம். 1897இல் புனேயில் பிளேக் நோயாளிகளை வீடுபுகுந்து இழுத்துச் சென்றபோது, குடும்பங்கள் நோயை மறைக்கத்தான் கற்றுக்கொண்டன. 2022 ஏப்ரலில் ஷாங்காயில், தொற்றிய குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விதி மக்கள் கொதித்த பிறகு தளர்த்தப்பட்டது. கூடங்குளமோ, அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் தேசத்துரோக வழக்கைச் சுமந்த கடற்கரை. அரசு வண்டி வந்து பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொள்ளும் என்று தெரிந்தால், அங்கே எத்தனை வீடுகள் காய்ச்சலைச் சொல்லும்? உலைக் கட்டுமானத்துக்கு வந்திருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் 2020 மே மாதம் ஊருக்கு அனுப்பச் சொல்லித் திரண்டதையும் நினைத்துப் பார்க்கலாம். கொள்ளைநோய்க் காலத்தில் சொந்தங்களை விட்டு விலகியிருக்க வளர்ந்த ஆண்களாலேயே முடியவில்லை.

கவச உடை போதாது, பயிற்சியில்லாத தாய் அதைக் கழற்றும்போதே தொற்றிக்கொள்வாள் என்று மருத்துவமனை நிர்வாகிகள் சொல்லலாம். முதல் அலையின் தொடக்கத்தில் அது உண்மை நிலவரம்தான். ஆனால் தாய் இல்லாவிட்டால் அவள் செய்த வேலை காணாமல் போய்விடாது. ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடுங்கி எறியும் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் அதைத் திரும்ப மாட்டிவிட ஒரு செவிலியர் வேண்டும், அவருக்கும் கவச உடை வேண்டும். உடையைச் சிக்கனப்படுத்துவதாக நினைத்து ஆளைச் செலவழிக்கிறோம்.

உண்மையில் கடினமான கேள்வி வேறு. தாயே நோயில் படுத்துவிட்டால்? நம் குடும்பங்களின் உடனடி விடை பாட்டி. கொரோனாவைப் பொறுத்தவரை அதைவிட மோசமான தேர்வு கிடையாது. வயதானவர்களைத்தான் அது அதிகம் கொன்றது. தகப்பன் இருக்கலாம்தான், பாலூட்டும் பெண்கள் நிறைந்த வார்டில் இரவில் ஆண்கள் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். அந்தப் பெண்களின் கூச்சத்தை அலட்சியப்படுத்தவும் முடியாது. ஒரு தடுப்புத் திரை, தகப்பன்மார் துணையிருக்கும் கட்டில்களுக்குத் தனி வரிசை, இவ்வளவுதான் தேவை. கட்டுமரமும் பீடிச்சுற்றும் தினக்கூலியும் சோறு போடும் வீடுகளில், துணைக்கு இருப்பவரின் இரண்டு வாரக் கூலி போய்விடும். அவருக்கு வார்டிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் தினப்படியும் கொடுக்காவிட்டால் அனுமதி காகிதத்தில்தான் இருக்கும். 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை 2020இல் திருத்தி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனை சேர்த்தார்கள். அவசியமான திருத்தம். நோயுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் நிலையான ஒரு துணை உண்டு, அந்தத் துணையின் பரிசோதனையும் உணவும் மருத்துவமனையின் பொறுப்பு என்ற ஒரு வாக்கியத்துக்கும் அந்தத் திருத்தத்தில் இடம் இருந்தது.