ஆசிரியருக்கு நன்றி: காசா, கன்றா?

ஆண்டிறுதி வந்தால் ஆசிரியருக்குப் பரிசென்று வகுப்புகளில் காசு சேர்க்கிறார்கள். வத்தளையில் வாடகை அறையில் வாழும் எமக்கு அது இரண்டு நாள் மரக்கறிக் காசு. கொடுக்க முடியாத பிள்ளை அன்று பாடசாலைக்குப் போக மறுக்கிறது. நன்றி சொல்லும் நாள் பிள்ளையைத் தலைகுனிய வைக்கலாமா?

1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். பரிசு என்ற பெயரில் கட்டணம் திரும்பி வரக்கூடாது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எம்மில் பலர் நடந்தபோது ஆசிரியர்களும் கூடவே நடந்தார்கள். எமது நிலை அவர்கள் அறியாததல்ல.

வெற்றிலை கொடுத்து ஆசிரியரை வணங்குவது இங்குள்ள பாடசாலைகளில் பழகிய வழக்கம், செலவும் குறைவு. அதோடு, நாம் கமக்காரர். காணி போனாலும் தொழில் கையை விட்டுப் போகவில்லை. ஆறு வாரம் முன்னதாகப் பழைய ரின்னில் மிளகாய் விதை போட்டால் கன்று தயார். கறிவேப்பிலையின் வேர்க்கன்றும் நல்லது. பிள்ளையே தண்ணீர் ஊற்றி வளர்க்கட்டும்; தன் கையால் இரண்டு வரி நன்றியும் எழுதட்டும்.

பெற்றோர் கூட்டத்தில் நாம் எழுந்து கேட்போம்: வகுப்புக்கு ஒரே பரிசு போதும், கொடுத்தவர் பெயர்ப்பட்டியல் வேண்டாம். ஏழை விதவையின் இரண்டு காசை ஆண்டவர் பெரிதாக மதித்தார். எமது கன்றும் சிறிதல்ல.