குப்பை நம்முடையது, எரிவாயு யாருடையது?

சாணத்திலிருந்து அடுப்பெரிக்க வாயு கிடைக்கும் என்பது ஊரில் மாடு வைத்திருந்த நம்மவர்க்குப் புதுச் செய்தி அல்ல. ஆனால் மாடில்லாத பட்டணத்துக் குடிசைப் பகுதிக்கும் அது ஆகும் என்பதை எத்தனை பேர் அறிவோம்? இதே மும்பை மாதுங்காவில், தொழுநோயாளர் விடுதியின் மலக்கழிவிலிருந்து 1897-லேயே வாயு எடுத்திருக்கிறார்கள்!

விஷயம் எளிது. காற்றுப் புகாத தொட்டியில் சாணமோ, மிச்சச் சோறோ, காய்கறித் தோலோ நீருடன் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். மிச்சச் சோறு எடைக்கு எடை அதைவிட அதிகம் தரும். மாடு சத்தை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சியதுதானே சாணம்! தொட்டியில் தங்கும் கசடு நல்ல எரு.

டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் சமையல் கழிவுக்கென்றே ‘நிசர்கருணா’ என்ற கலனை வடிவமைத்தார்கள். கழிவை அரைத்து, முதல் தொட்டியில் வெந்நீரும் காற்றும் கொடுத்துப் பதப்படுத்தி, பிறகு காற்றில்லாத பெரிய தொட்டிக்கு விடுவது அதன் முறை. இயற்கைக்குப் பட்ட கடன் என்பது பெயரின் பொருள். நல்ல பெயர்தான். அதே மையத்துக்காகத்தான் 1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, ஜனதா காலனி இடிக்கப்பட்டு நம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டன. அந்தக் கடனை யார் தீர்ப்பது?

சீத்தா கேம்ப்புக்குச் சற்றுத் தள்ளி தேவனார் குப்பைமேடு. 1927 முதல் கொட்டுகிறார்கள். குவியலுக்குள் அழுகும் ஈரக் குப்பையிலிருந்து வருவதும் இதே மீத்தேன்தான். 2016 ஜனவரியில் மேடு நாள்கணக்கில் எரிந்தபோது முதலில் மூச்சுத் திணறியது கோவண்டி, சிவாஜி நகர்ப் பிள்ளைகள்.

இந்தூரில் 2022-ல் நாளுக்கு 550 டன் ஈரக் குப்பை வாங்கும் ஆலையைத் திறந்தார்கள். அந்த வாயுவில் பஸ் ஓடுகிறது. மெச்சுவோம். ஆனால் பெரிய ஆலை என்றால் பெரிய கம்பெனி. நாம் கேட்பது வார்டுக்கு ஒரு சிறு கலன். அதன் வாயு பால்வாடிச் சமையலுக்கும், விடியுமுன் இட்லி அவித்து விற்கும் நம் தாய்மார்களுக்கும் வரட்டும்.

கலனைப் பார்ப்பவர்கள் நிரந்தரத் தொழிலாளர்களாக இருக்க வேண்டும், கான்ட்ராக்ட் கூடாது. சாக்கடையில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் சாவு நிற்கவில்லை. இந்தத் தொட்டியிலும் அதே விஷவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, உண்டு. கழுவ ஆளை உள்ளே இறக்க விடமாட்டோம் என்பதை முதல் நாளே எழுதி வாங்க வேண்டும்.

இதை வார்டு ஆபீசில் கேட்கப் போகிறோம். அதற்குள் ஈரக் குப்பையைத் தனியே வைக்கப் பழகுங்கள். பிளாஸ்டிக் விழுந்தால் கலன் அடைத்துப்போகும். அந்த வேலையையும் பெண்கள் தலையிலேயே கட்டிவிடாதீர்கள், தோழர்களே!