செங்குத்து என்றால் நிமிர்ந்து நிற்பதா?

“எனக்குக் கணக்கு ஓடாது” என்ற சொல் எமது வீடுகளில் மிக இலகுவாகச் சொல்லப்படுகிறது. சாதாரண தரம் முடிந்து துறையைத் தெரிவு செய்யும் நாளில் அந்தச் சொல்லே ஒரு மாணவியின் பாதையைத் தீர்மானித்தும் விடுகிறது. ஆனால் அவளுக்குக் குறைவது ஆற்றல் அன்று. படம் வரைந்து பார்க்கும் பழக்கமே என்பது என் கருத்து. ஒரு சிறிய வினாவைப் பாருங்கள்.

வை = 2 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (3, 5) என்ற புள்ளியினூடாகச் செல்லும் நேர்கோட்டின் சமன்பாடு யாது?

ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் படித்திறன்களைப் பெருக்கினால் −1 வரும் என்று மனனம் செய்திருக்கிறோம். வை = 2 ஒரு கிடைக்கோடு; அதன் படித்திறன் 0. பூச்சியத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் −1 வராது. பேனை அங்கேயே நின்றுவிடுகிறது. காரணம், இரு கோடுகளுக்கும் படித்திறன் இருந்தால் மட்டுமே அந்தச் சூத்திரம் பொருந்தும். நிலைக்குத்துக் கோட்டில் எக்ஸ் மாறுவதில்லை. அதன் படித்திறனைக் காணப் பூச்சியத்தால் வகுக்க வேண்டும்; அது இயலாது.

இனிப் படத்தை வரையுங்கள். கிடைக்கோட்டுக்குச் செங்குத்தான கோடு மேலும் கீழுமாகச் செல்லும். (3, 5) இனூடாக வரைந்தால் (3, 0), (3, 1), (3, −4) ஆகிய புள்ளிகளும் அதில் அமையும். எங்கும் எக்ஸ் ஆள்கூறு 3. எனவே விடை எக்ஸ் = 3.

அதே புள்ளியினூடாக எக்ஸ் = 7 இற்குச் செங்குத்தான கோடு எது? இங்கே எம்மை இடறச் செய்வது ஒரு சொல். “செங்குத்தான மலை” என்று பேசிப் பழகியதால், செங்குத்து என்றாலே நிமிர்ந்து நிற்பது என்று எண்ணுகிறோம். கணிதத்தில் நிமிர்ந்து நிற்பது நிலைக்குத்து. செங்குத்து என்பது இரு கோடுகளுக்கிடையே உள்ள 90 பாகை உறவு. ஆகவே நிமிர்ந்து நிற்கும் எக்ஸ் = 7 இற்குச் செங்குத்தான கோடு கிடையாகவே அமையும்: வை = 5.

தெக்காட்டின் தளம் என்று நாம் படிக்கிறோமே, அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சு அறிஞர் 1637 இல் வெளியிட்ட நூலில் கேத்திரகணித வடிவங்களையும் சமன்பாடுகளையும் ஒன்றிணைத்தார். நாமோ வடிவத்தை விட்டுவிட்டுச் சமன்பாட்டை மட்டும் பாடமாக்குகிறோம்.

பரீட்சையில் படம் வரைய நேரமில்லை என்பர் சிலர். இரண்டு அச்சுகளையும் ஒரு கோட்டையும் பருமட்டாக வரைய அரை நிமிடம் போதும். பொருந்தாத சூத்திரத்தோடு போராடுவதற்கே அதிக நேரம் செல்லும்.

சகோதரிகளே, சூத்திரத்தைத் தேடுமுன் கோட்டை வரையுங்கள். பெற்றோரே, “எத்தனை புள்ளி?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “அதை வரைந்து காட்டு, மகள்” என்றும் கேளுங்கள். கணிதம் தெரியாத உம்மாவும் வாப்பாவும்கூட இதைக் கேட்கலாம். வரைந்து விளக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு ஓடாது என்று எவராலும் சொல்ல முடியாது.