கணக்கில் வராத முழங்கால்

புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு மூன்று தலைமுறையும் போனால் அருகிலுள்ள கிஸ்ஸிம்மியில் பெரிய வீட்டை வாடகைக்கு எடுப்பதே லாபம் என்று வாதிடுகிறார்கள். வாடகையைக் கணக்கிட்டவர்கள் பாட்டியின் முழங்காலைக் கணக்கிடவில்லை. அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலில் கார் நிற்காது. தொலைவில் நிறுத்திவிட்டு மோனோரயிலோ படகோ ஏற வேண்டும். நண்பகல் வெயிலில் பிள்ளை அழுதால் திரும்பவும் அதே அலைச்சல். அதற்குப் பிறகு இரவு வாணவேடிக்கைக்கு யார் கிளம்புவார்? பூங்காவுக்கு அருகிலுள்ள டிஸ்னியின் கன்டெம்ப்ரரி விடுதியிலிருந்தோ நடந்தே போய்வரலாம். சமையலறை வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அந்த விடுதியை ஒட்டிய பே லேக் டவரில் 12 பேர் தங்கும் வில்லாவில் அதுவும் உண்டு. விலை மிக அதிகம், மறுக்கவில்லை. கட்டுப்படாவிட்டால் முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் மட்டுமாவது பூங்காவை ஒட்டி அறை எடுங்கள். மற்றவர்கள் வாடகை வீட்டில் தங்கட்டும்.